நூற்று இருபத்தாறாம் நாள்

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

சின்னு எழுதுகிறேன். நானும் பாப்பாவும் சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? கடையில் நாள் முழுக்க நிற்காதே, ஒரு ஸ்டூலாவது போட்டுக்கொள் என்று போன தடவையே சொன்னேன். கேட்டிருக்க மாட்டாய்.

விஷயத்துக்கு வருகிறேன். என் வீட்டுக்காரர் மூன்றாம் தேதி கட்சிக்காரர்களோடு பஸ் ஏறி உன் ஊருக்கு வந்துவிட்டார். நாடாளுமன்றத்துக்கு எதிரே இருக்கிற திடலில் உட்காரப் போகிறார்களாம். தேர்தலை ரத்து செய்து மறுபடி வைக்கிறவரைக்கும் எழுந்திருக்க மாட்டார்களாம். மில்லில் பத்து நாள் லீவு எழுதிக் கொடுத்திருக்கிறார். "பத்து நாள்ல முடிஞ்சிடுமா?" என்று கேட்டேன். "அதுக்குள்ள கவுந்துடும் பாரு" என்றார். எது கவிழும் என்று அவருக்கே தெரியுமா என்பது எனக்குச் சந்தேகம்.

அங்கே மைக்செட், விளக்கு, ஜெனரேட்டர் எல்லாம் இவர் பொறுப்பு. மில்லில் ஒயர்மேன் என்று கூப்பிடுவது போதாதென்று கட்சியிலும் இப்போது அதே பெயர். திடலில் இருந்து உன் மருந்துக்கடை கூப்பிடு தூரம்தானே. பின்னறையில் குளிக்க, துணி மாற்ற இடம் கொடு. சாப்பிட்டீர்களா என்று கேள். கேட்டால்தான் சாப்பிடுகிற ஜென்மம்.

போனில் எதுவும் பேசக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கட்சிக்காரர் வீட்டுப் போனையெல்லாம் ஒட்டுக் கேட்கிறார்களாம். அதனால்தான் கடிதம். நாம் இருவரும் காகிதத்தில் பேசி எத்தனை வருஷம் ஆகிறது!

பாப்பா பெரியம்மாவுக்கு முத்தம் அனுப்பச் சொன்னாள்.

உன் சின்னு

பிப்ரவரி 15

அன்புள்ள சின்னு,

அக்காவின் ஆசிகள் உனக்கும் பாப்பாவுக்கும். முழங்கால் அதன் இஷ்டத்துக்கு இருக்கிறது. நானும் அதன் இஷ்டத்துக்குத்தான் நடக்கிறேன்.

உன் வீட்டுக்காரர் தினமும் காலையில் வருகிறார். குளித்துவிட்டு ஈரத்துணியை என் மருந்துப் பெட்டிகள்மேல் காயப்போட்டுவிட்டுப் போகிறார். இளைத்துவிட்டாரா என்று நீ கேட்பாய். இளைக்க அவரிடம் என்ன இருக்கிறது? சாப்பாடு என் கையால்தான், கவலைப்படாதே.

இன்று பதின்மூன்றாம் நாள். திடலை நீ பார்க்க வேண்டும். தார்ப்பாய்க்குக் கீழே ஆயிரம் பேராவது இருப்பார்கள். ஆபீஸ் விட்டுப் போகிறவர்கள்கூடச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிறார்கள். கட்சியே இல்லாதவர்கள் அவர்கள். என் கடையில் தலைவலி மாத்திரை போலீஸ்காரர்களுக்கு, தொண்டை மாத்திரை போராட்டக்காரர்களுக்கு. இரண்டு பக்கமும் எனக்கு வாடிக்கை.

என் பக்கத்துக் கடையில் கடிகாரம் பழுதுபார்க்கிறவர் ஒருவர் இருக்கிறாரே, அத்தான் இறந்தபோது எல்லா வேலையும் ஓடியாடிச் செய்தவர், அவருக்கும் உன் வீட்டுக்காரருக்கும் நன்றாக ஒட்டிக்கொண்டது. அவருடைய மேஜை விளக்கை இவர் சரிசெய்து கொடுத்தார். கடிகாரக்காரர் என்னிடம், "உங்க தம்பி பேசறதைவிட பேசறவங்களுக்கு மைக் புடிக்கிறதுல சந்தோஷப்படறார்மா" என்றார். அவரை இதைவிடச் சரியாக யாரும் சொல்லிவிட முடியாது.

தைரியமாக இரு.

அன்புடன்,
அக்கா

மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். பாப்பாவுக்கு ஒரு வாரமாக இருமல், இப்போது தேவலை.

பத்து நாள் லீவு முடிந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. மில்லில் இருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது, விளக்கம் கேட்டு. அவருக்கு அனுப்பினேன். ஒரே வரியில் பதில் போட்டிருக்கிறார்: "பத்திரமாக வைத்திரு." நோட்டீஸையா, என்னையா?

எனக்கும் ஒன்று வந்தது. நகராட்சியில் பிறப்பு இறப்புப் பதிவுக் கவுண்டரில் உட்கார்ந்து எழுதுகிறவளுக்கு அரசியல் எங்கிருந்து வரும்? மேலதிகாரி கூப்பிட்டு, "உங்க வீட்ல அரசுக்கு எதிரா நடக்கற காரியத்துல கலந்துக்கறவங்க யாராவது உண்டா?" என்று கேட்டார். எங்கள் கல்யாணத்துக்கு முன்வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்ட மனிதர் அவர். என் முகத்தைப் பார்க்காமல் காகிதத்தைப் பார்த்துக் கேட்டார். "உண்டு" என்றேன். "எழுதிக் கொடுங்க" என்றார். எழுதிக் கொடுத்தேன்.

முதல் மாதத்தில் கவுண்டருக்கு வருகிறவர்கள், "உங்க வீட்டுக்காரர் அங்கதானே இருக்கார்? விடாதீங்கம்மா" என்பார்கள். இப்போது படிவத்தை நீட்டிவிட்டுச் சும்மா நிற்கிறார்கள்.

இன்னொன்று. உன் கடிதத்தின் உறை, மூடி ஒட்டிய இடத்தில் சுருங்கியிருந்தது. ஒரு தடவை பிரித்து மறுபடி ஒட்டியதுபோல. நீ அவசரத்தில் இரண்டு தடவை பசை தடவினாயா? அப்படித்தான் இருக்க வேண்டும்.

இரண்டு நாளாவது வீட்டுக்கு வந்து போகச் சொல் அக்கா. நீ சொன்னால் கேட்பார்.

உன் சின்னு

ஏப்ரல் 11

அன்புள்ள சின்னு,

நலம். பாப்பாவின் இருமலுக்கு மருந்து தனியாக அனுப்பியிருக்கிறேன், இரவில் கால் ஸ்பூன் மட்டும். நான் எப்போதும் ஒரு தடவைதான் பசை தடவுவேன்.

நீ சொன்னதைச் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு துணியைப் பிழிந்துகொண்டே இருந்தார். அப்புறம், "நான் ஒருத்தன் எழுந்தா பக்கத்துல இருக்கறவன் எழுந்திடுவான்க்கா. அவனும் எழுந்திரிக்கத்தான் காரணம் தேடிக்கிட்டிருக்கான்" என்றார்.

இன்று அறுபத்தெட்டாம் நாள். ஆபீஸ்காரர்கள் வருவது நின்றுவிட்டது. கூட்டணியில் இருந்த சின்னக் கட்சி போன வாரம் பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டது. பெரிய தலைவர் மாலையில் காரில் வருகிறார், கேமரா இருக்கிறவரை உட்காருகிறார், பிறகு தங்கும் விடுதிக்குப் போய்விடுகிறார். தெருவின் ஒரு முனையில் இவர்கள் கயிறு கட்டியிருக்கிறார்கள், தெரியாத ஆள் உள்ளே வந்துவிடக்கூடாது என்று. மறுமுனையில் போலீஸ் இரும்புத் தடுப்பு. நடுவில் எங்கள் பதினெட்டுக் கடைகள். பெரியாஸ்பத்திரியில் இருந்து மருந்துச் சீட்டோடு வருகிறவர்கள் சுற்றிக்கொண்டு வேறு கடைக்குப் போகிறார்கள். முதலில் "நம்ம பிள்ளைங்க" என்று சொன்ன கடைக்காரர்கள் இப்போது "இவனுங்க" என்கிறார்கள். நானும் சொன்னேனோ என்னவோ.

கடிகாரக்காரர் போன வாரம் தவறிவிட்டார். மாரடைப்பு.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

அன்புடன்,
அக்கா

மே 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் என்றுதான் எழுத வேண்டும், எழுதிவிட்டேன்.

கடிகாரக்காரரைப் பற்றி நீ ஒரு வரி எழுதினாய். இவர் ஆறு வரி எழுதியிருக்கிறார். இவர் ஆறு வரி எழுதினாலே பெரிய விஷயம் என்று உனக்குத் தெரியும். நீயும் இவரும் அவரைத் தள்ளுவண்டியில் படுக்கவைத்துத் தள்ளிக்கொண்டு ஓடினீர்களாமே. ஆம்புலன்ஸ் உள்ளே வர முடியவில்லையாமே. "அக்கா அதுக்கப்புறம் என்கூடச் சரியாப் பேசறதில்ல" என்று எழுதியிருக்கிறார். ஏன் என்னிடம் சொல்லவில்லை?

இங்கே நிலைமை சரியில்லை. நகராட்சித் தேர்தலைத் தள்ளிவைத்துவிட்டார்கள். தலைநகரத்தில் கலவரச் சூழ்நிலை என்று காரணம். பொது ஒழுங்குச் சட்டத்தை இன்னும் ஆறு மாதம் நீட்டியிருக்கிறார்கள். அதற்கும் அதுதான் காரணம். உட்கார்ந்து அவர்களை இறக்கப் போகிறோம் என்றார்கள். உட்கார உட்கார அவர்கள் இன்னும் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொள்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். மிகவும் மரியாதையாகப் பேசினார்கள். ஒரு போட்டோவைக் காட்டி, இதில் மைக் பக்கத்தில் நிற்பது உங்கள் வீட்டுக்காரரா என்றார்கள். பாப்பா முந்திக்கொண்டு, "ஆமா, அப்பா!" என்றாள், சந்தோஷமாக. அவர்களில் ஒருவர் அவள் கன்னத்தைத் தட்டினார். அவர்கள் போன பிறகு அவள் முகத்தைக் கழுவிவிட்டேன். எதற்குக் கழுவினேன் என்று எனக்கே தெரியவில்லை.

பதில் போடு அக்கா. தாமதிக்காதே.

உன் சின்னு

மே 29

சின்னுவுக்கு,

நலம். நூற்றுப் பதினாறாம் நாள்.

உன் வீட்டுக்காரரை அடுத்த வாரத்துக்குள் ஊருக்கு வரச்சொல்லி நீயே எழுது. தந்தி அடித்தாலும் சரி. பாப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று பொய் சொன்னாலும் தப்பில்லை. நான் சொன்னால் கேட்கிற நிலையில் அவர் இல்லை. நானும் சொல்லுகிற நிலையில் இல்லை.

ஏன், எப்படித் தெரியும் என்று கேட்காதே.

அக்கா

ஜூன் 12

அக்கா,

எட்டாம் தேதி மத்தியானம் திடலைக் காலிசெய்துவிட்டதாக ரேடியோவில் சொன்னார்கள். நீதிமன்ற உத்தரவாம். போலீஸ் வேன் ஒன்று எரிந்ததாம். யாரும் சாகவில்லை என்கிறார்கள். உன் கடிதம் கிடைத்த அன்றே தந்தி அடித்தேன், போய்ச் சேர்ந்ததா என்றே தெரியவில்லை.

அவர் எங்கே? உன் கடைப் போன் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, யாரும் எடுப்பதில்லை. நீ சுகமாக இருக்கிறாயா? ஒரு வரி போதும்.

சின்னு

ஜூன் 27

அக்காவுக்கு,

பதில் இல்லை. ஆனால் உயிரோடு இருக்கிறாய் என்று கட்சிக்கார வக்கீல் ஒருவர் எழுதித் தெரிந்துகொண்டேன். அந்த வக்கீல் தன் பொறுப்பில் அனுப்பிய காகிதத்தில் உன் பெயரையும் பார்த்தேன்.

முதலில் என் வீட்டுக்காரரைப் பற்றி. வடக்குச் சிறையில் இருக்கிறார். எட்டாம் தேதி மூன்று இருபதுக்குத் திடலின் கிழக்கு வாசலில் போலீஸ் வேனைக் கொளுத்தினார் என்று வழக்கு. பதினான்கு வருஷம் கொடுக்கலாமாம். அந்த மனிதர் வீட்டில் கொசுவத்தி கொளுத்தவே என்னைக் கூப்பிடுவார்.

பெரிய தலைவர் ஏழாம் தேதி மாலையே அரசாங்கத்தோடு பேச்சுவார்த்தைக்கு ஒப்புக்கொண்டு கிளம்பிவிட்டாராம். திடலில் இருந்தவர்களிடம் யாரும் சொல்லவில்லை. சிறையில் இருப்பவர்களில் பாதிப் பேர் எங்கள் உறுப்பினரே இல்லை என்று கட்சி அறிக்கை விட்டிருக்கிறது. அந்தப் பாதியில் இவரும் ஒருவர்.

காலிசெய்யச் சொன்ன உத்தரவின் நகல் வந்தது. தெருக் கடைக்காரர்கள் பதினெட்டுப் பேர் கொடுத்த மனுவின் மேல் போட்ட உத்தரவு. நான்காவது கையெழுத்து உன்னுடையது. பெயர், கடை, உரிம எண் எல்லாம் சரியாக இருக்கிறது. அழகான கையெழுத்து அக்கா உனக்கு, சின்ன வயதில் எனக்குப் பொறாமையாக இருக்கும்.

அடுத்த வாரத்துக்குள் வரச்சொல் என்று எழுதினாயே. எப்படித் தெரியும் என்று இப்போது தெரிந்துவிட்டது.

சின்னு

ஜூலை 5

சின்னு,

நீ என் சுகத்தை விசாரிக்கவில்லை. விசாரிக்க வேண்டாம்.

ஆமாம், கையெழுத்துப் போட்டேன். அன்று நடந்ததை முழுக்கச் சொல்கிறேன். உன் வீட்டுக்காரர் ஆறு வரியில் விட்டதையும் சேர்த்து.

கடிகாரக்காரர் சாயங்காலம் ஐந்தரைக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு என் கடைப் படியில் உட்கார்ந்தார். நாக்கடியில் மாத்திரை வைத்தேன். ஆம்புலன்ஸ் கயிற்றுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது. கயிற்றைக் காவல் காத்தவன், "தலைவர் பேசிட்டிருக்கார், கேமரா ஓடுது. அஞ்சு நிமிஷம் இருங்க" என்றான். உன் வீட்டுக்காரர் ஓடிப்போய் மைக் ஒயரைப் பிடுங்கினார். தலைவர் வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. திரும்பி வந்து கையில் இருந்த கட்டிங் பிளேயரால் கயிற்றை வெட்டினார். அதற்குள் வண்டியைச் சுற்றிக் கூட்டம். மறுமுனைதான் பக்கம் என்று தள்ளுவண்டியில் தள்ளினோம். அங்கே இரும்புத் தடுப்பை நகர்த்த மேலிடத்து உத்தரவு வேண்டும் என்றார்கள். "மேலிடம் எங்கே?" என்று கத்தினேன். "லைன் கிடைக்கலைம்மா" என்றார் அந்த அதிகாரி. லைன் கிடைத்தபோது தேவைப்படவில்லை.

இரண்டு பக்கத்துக்காரர்களும்தான் கொன்றார்கள். ஆனால் சின்னு, இரும்புத் தடுப்புக்கு எதிராக மனுக் கொடுக்க எங்களில் யாருக்கும் தைரியம் இல்லை. கயிற்றுக்கு எதிராகத்தான் கொடுக்க முடிந்தது. தெருவைத் திறந்துவிடுங்கள் என்றுதான் கேட்டோம். அதை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள் என்று தெரியாதா என்று கேட்பாய். பாதி தெரியும். மீதியைத் தெரிந்துகொள்ள விரும்பவில்லை.

எட்டாம் தேதி எல்லாக் கடையையும் மூடச்சொல்லிக் காலையிலேயே உத்தரவு. கடை மூடியிருந்தது.

பாப்பாவுக்கு என் அன்பு.

அக்கா

ஜூலை 30

அக்காவுக்கு,

கடிகாரக்காரர் விஷயத்தைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க உன்மேல் கோபப்பட முடியவில்லை. மறுநாள் முடிந்தது.

லீவு கிடைத்து இருபத்தாறாம் தேதி சிறைக்குப் போனேன். உன் வீட்டுக்கு வரவில்லை. தெரு முனைவரை வந்து திரும்பிவிட்டேன்.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான், நடுவில் ஒரு ஆள் நடந்துகொண்டே இருந்தான். இடது கையைத் தூக்க முடியவில்லை அவரால். "விழுந்துட்டேன்" என்றார். நானும் கேட்காமல் விட்டேன். பாப்பா என்ன வகுப்பு என்று கேட்டார், அவளுக்கு என்ன வகுப்பு என்று தெரியாதவர்போல. ஏதாவது பேசிக்கொண்டிருக்க வேண்டும் என்றுதான் கேட்டிருப்பார்.

வேன் எரிந்தபோது எங்கே இருந்தீர்கள் என்று கேட்டேன். புகைக்குண்டு போட்டதும் உன் கடைப் பக்கம் ஓடினாராம். ஷட்டரைத் தட்டினாராம். "எவ்வளவு நேரம்?" "நாலஞ்சு நிமிஷம் இருக்கும். அங்கயேதான் புடிச்சாங்க." "அக்கா?" "கடை மூடியிருந்துச்சு. உள்ள யாரும் இல்ல."

வக்கீல் சொல்கிறார், கிழக்கு வாசல் திடலின் மறு கோடியாம், அதற்கும் உன் கடைக்கும் அரை மைல். மூன்று இருபதுக்கு அவர் உன் கடை வாசலில் இருந்தார் என்று ஒரே ஒரு ஆள் சொன்னால் வேன் வழக்கு நிற்காது. "அப்படி யாருமே இல்லையேம்மா" என்றார். தெருவே மூடிக் கிடந்தது.

கடை மூடியிருந்தது என்று நீயும் எழுதியிருக்கிறாய், அவரும் சொல்கிறார். ஆனால் அவர் சொன்ன "உள்ள யாரும் இல்ல" என்கிற வார்த்தையை நீ எழுதவில்லை. நான் உன் கடிதத்தை நாலு தடவை படித்துவிட்டேன்.

நீ எங்கே இருந்தாய்?

சின்னு

செப்டம்பர் 4

என் சின்னுவுக்கு,

இது தபாலில் வரவில்லை. என் கடைக்கு வருகிற மெடிக்கல் ரெப் உங்கள் ஊருக்கு மாதம் ஒரு தடவை போகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. ஐந்து தடவை எழுதிக் கிழித்தேன்.

நான் உள்ளே இருந்தேன்.

கடையை மூடிவிட்டு வீட்டுக்குப் போகத்தான் சொன்னார்கள். தெரு முனையில் வரிசையாக நின்ற வேன்களைப் பார்த்துவிட்டு வெளியே போகப் பயந்து ஷட்டரை உள்பக்கமாக இறக்கிக்கொண்டேன். இருட்டில் ரேடியோவைச் சின்னதாக வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். என்ன நடக்கிறது என்று ரேடியோவில் சொல்வார்கள் என்று நினைத்தேன், நூறடி தூரத்தில் நடந்துகொண்டிருந்ததை. மூன்றேகால் செய்தி ஆரம்பித்தது. தலைப்புச் செய்தி வாசித்து முடிக்கிறபோது ஷட்டர் அதிர்ந்தது.

"அக்கா! நான்தான்! திறங்கக்கா!"

நான் என்ன செய்தேன் தெரியுமா? ரேடியோவை அணைத்தேன். உள்ளே ஆள் இருப்பது அவருக்குத் தெரியக்கூடாது என்று.

அவர் தட்டிக்கொண்டே இருந்தார். நான் தாழ்ப்பாளின்மேல் கை வைத்துக்கொண்டு நின்றேன். திறந்தால் அவரோடு என்னையும் இழுத்துப் போவார்கள், உரிமம் போகும், நான் ஒற்றை ஆள், என்று எல்லாம் ஓடியது. இன்னொன்றும் இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். ஒரு நொடி, கடிகாரக்காரர் முகம் வந்தது. இவர்களால்தானே என்று நினைத்தேன். கயிற்றை வெட்டினவரையே அப்படி நினைத்தேன். அந்த ஒரு நொடிதான் என்னைத் தூங்க விடவில்லை.

பூட்ஸ் சத்தம் வந்தது. ஷட்டரில் ஏதோ பலமாக இடித்தது, அவர் தோளாக இருக்கும். "ஐயோ கை, கை" என்றார். பிறகு இழுத்துக்கொண்டு போகிற சத்தம். மறுநாள் வாசலில் அவருடைய டெஸ்டர் கிடந்தது. எடுத்து இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.

ஒரு மாதமாக, நான் கேட்டது மூன்று இருபதாக இருக்காது, என் சாட்சி உதவாது என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அன்றைய செய்தி எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று வானொலி நிலையத்திலேயே குறிப்பு இருக்குமாம். வக்கீல் சொன்னார். ஆமாம், போன திங்கள்கிழமை அவரைப் போய்ப் பார்த்துவிட்டேன். சாட்சிப் பட்டியலில் பெயர் எழுதியாயிற்று. திரும்பி வரும்போது ஒரு ஆள் என் பின்னாலேயே பஸ் ஏறி, என் நிறுத்தத்திலேயே இறங்கினான். தற்செயலாக இருக்கலாம். நேற்றும் கடைக்கு எதிரே நின்றான்.

பயமாக இருக்கிறது சின்னு. பயம் போய்விட்டது என்று நினைத்துவிடாதே. பயத்தோடுதான் போகிறேன்.

உன் அக்கா

அக்டோபர் 17

அன்புள்ள அக்காவுக்கு,

இதுவும் ரெப் கையில்தான் வருகிறது. நாங்கள் உடம்புக்கு நலம்.

ஒன்பதாம் தேதி நீதிமன்றத்தில் நான் கடைசிப் பெஞ்சில் இருந்தேன். நீ பார்த்தாய் என்று தெரியும். முடிந்ததும் பேசாமல் வந்துவிட்டேன். நேரில் சொல்ல முடியாததை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அரசு வக்கீல் உன்னைக் கேட்டார்: "தங்கச்சி புருஷனைக் காப்பாத்தத்தானே வந்திருக்கீங்க?" நீ சொன்னாய்: "அன்னைக்குக் காப்பாத்தல. அதைச் சொல்லத்தான் வந்திருக்கேன்." நீதிபதி, "ஏன் திறக்கலை?" என்றார். "பயந்தேங்க" என்றாய். டைப் அடிக்கிற பெண் கையை நிறுத்திவிட்டு நீதிபதியைப் பார்த்தாள். "அப்படியே போடுங்க" என்றார் அவர்.

வேன் வழக்கு தள்ளுபடி ஆகிவிட்டது. உனக்கும் தெரிந்திருக்கும். ஆனால் அவரை விடவில்லை. பொது ஒழுங்குச் சட்டத்தில் இன்னும் எட்டு மாதம் உள்ளே வைத்திருக்கலாமாம். மில்லில் இருந்து பெயரை எடுத்துவிட்டார்கள். என்னை ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு கிளைக்கு மாற்றியிருக்கிறார்கள். பெரிய தலைவர் பேச்சுவார்த்தைக் குழுவில் இருக்கிறார், அரசாங்கக் கார் கொடுத்திருக்கிறார்கள். தேர்தலைப் பற்றி இப்போது யாரும் பேசுவதில்லை. பன்னிரண்டாம் தேதி உன் கடைக்கு மருந்து ஆய்வாளர்கள் வந்து காலாவதி மருந்து என்று சீல் வைத்துவிட்டுப் போனதை ரெப் சொன்னார். காலாவதி மருந்தை நீ ஒரு நாள்கூட அலமாரியில் வைத்தவள் இல்லை.

அவரைப் போன சனிக்கிழமை பார்த்தேன். நீ சாட்சி சொன்னதை விவரமாகச் சொன்னேன். ரேடியோவை அணைத்ததை மட்டும் சொல்லாமல் விட்டேன். அவர் வலையைப் பிடித்துக்கொண்டு, "ரேடியோ ஓடிட்டிருந்துச்சு. நான் கூப்பிட்டதும் நின்னுடுச்சு" என்றார். "தெரிஞ்சும் ஏன் உள்ள யாரும் இல்லைன்னு சொன்னீங்க?" என்று கேட்டேன். "பயந்து போய் உள்ள நின்னவங்கள எப்படி கோர்ட்டுக்கு இழுக்கறது?" என்றார். அவ்வளவுதான். பிறகு பாப்பாவைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

அவர் அப்படி. நான் அப்படி இல்லை. உன்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை என்றுதான் இந்தக் கடிதத்தை நேற்றுக் காலையில் தொடங்கினேன். நானாக இருந்தால் திறந்திருப்பேன் என்று ஒரு பக்கம் எழுதினேன். அந்தப் பக்கத்தை இப்போது கிழித்துவிட்டேன்.

நேற்று மத்தியானம் கதவைத் தட்டும் சத்தம். எங்கள் வார்டில் கட்சிக்குப் போஸ்டர் ஒட்டுகிறவரின் மனைவி. ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தேன். இடுப்பில் குழந்தை, கையில் துணிப்பை. அவள் புருஷனை அன்று காலையில் பிடித்துக்கொண்டு போனதாகக் கேள்விப்பட்டிருந்தேன். "அக்கா, ரெண்டு நாளைக்கு மட்டும் அக்கா" என்றாள். பாப்பா ஓடப் பார்த்தாள். நான் அவள் வாயைப் பொத்தி, சுவரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். என் கைக்குள் அவள் மூச்சு சூடாக அடித்துக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. உனக்காவது நேரம் சொல்ல ரேடியோச் செய்தி இருந்தது.

பிறகு திறந்தேன். தெருவில் யாரும் இல்லை.

பாப்பா நேற்றில் இருந்து என்னோடு பேசவில்லை.

சீல் வைத்த கடைக்கு எதிரே நீ தனியாக உட்கார்ந்திருக்க வேண்டாம். பெட்டியைக் கட்டிக்கொண்டு இங்கே வந்துவிடு. நாம் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கப் பழகிக்கொள்ளலாம். ரெப் வாசலில் காத்திருக்கிறார். இதை அவரிடம் கொடுத்துவிட்டு அந்தப் பெண்ணைத் தேடிப் போகிறேன். மார்க்கெட்டுக்குப் பின்னால் அவளுடைய அண்ணன் வீடு இருக்கிறது என்கிறார்கள். போகிறேன் என்று உனக்கு எழுதி வைத்தால்தான் போவேன்போல இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

உன் சின்னு